மெட்டு யாருடையது? 'லா வி ஆன் ரோஸ்' பாட்டும் ஒரு கையெழுத்தும்

போன மாதம் ஒரு பெண் என் அலுவலகத்துக்கு வந்தார். தனிப்பாடல்களுக்கு வரி எழுதுகிறவர். உட்கார்ந்ததும் போனை மேசைமேல் வைத்து ஒரு வாய்ஸ் நோட்டைப் போட்டுக் காட்டினார். ஃபேன் ஓடுகிறது, தூரத்தில் குக்கர் விசில் அடிக்கிறது, நடுவே அவர் குரல் வரி இல்லாமல் ஒரு மெட்டை முணுமுணுக்கிறது. அடுத்து யூடியூபில் ஒரு பாட்டைத் திறந்தார். அதே மெட்டு, வயலினும் தாளமும் சேர்ந்து அழகாகியிருந்தது. கீழே விவரத்தில் 'இசை' என்ற இடத்தில் வேறொருவர் பெயர். 'வரிகள்' என்ற இடத்தில் இவர் பெயர்.

"எனக்கு நொட்டேஷன், அதாவது மெட்டை ஸ்வரமா எழுதத் தெரியாது மேடம். அண்ணன் பேரையே இசைக்குப் போட்டுடுங்கன்னு நான்தான் சொன்னேன்" என்றார்.

பாட்டு உரிமை வழக்குகளையும் ஒப்பந்தங்களையும் பார்க்கிற எனக்கு, இந்த வாக்கியம் புதிதல்ல. இதைச் சொல்லி யார் வந்தாலும் நான் முதலில் பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃப் கதையைத்தான் சொல்வேன்.

1945ஆம் ஆண்டு. பாரிஸ், ஷான்ஸ் எலிசே சாலையில் ஒரு கஃபே. மரியான் மிஷெல் என்ற பாடகி, தனக்கு நல்ல பாட்டு அமையவில்லை என்று தோழி பியாஃபிடம் குறைப்பட்டுக்கொள்கிறார். பியாஃப் மனசுக்குள் ஏற்கெனவே ஒரு மெட்டு ஓடிக்கொண்டிருந்தது. மேசைமேல் விரித்திருந்த காகித விரிப்பிலேயே இரண்டு வரி எழுதிக் காட்டுகிறார். அவன் என்னைக் கையில் ஏந்தும்போது பொருள்களெல்லாம் ரோஜா நிறமாகத் தெரிகின்றன என்பது போன்ற வரி. 'பொருள்கள்' என்பது மிஷெலுக்கு ஒட்டவில்லை. 'வாழ்க்கை' என்று வைத்தால் என்ன என்கிறார். அந்த ஒரு சொல் மாறியதும்தான் 'லா வி ஆன் ரோஸ்' (ரோஜா நிறத்தில் வாழ்க்கை) என்ற தலைப்பே பிறந்தது. பியாஃபின் வாழ்க்கையை எழுதியவர்கள் பலரும் சொல்லும் கதை இது.

சரி, பாட்டு வந்துவிட்டது. பதிவு செய்ய வேண்டுமே? பிரான்சில் அதற்கு சாசெம் என்ற சங்கம். பாடலாசிரியர், இசையமைப்பாளர், வெளியீட்டாளர் மூவருக்கும் ராயல்டி வசூலித்துக் கொடுப்பது அதன் வேலை. அது பிறந்த கதையும் அதே ஷான்ஸ் எலிசேயில்தான் தொடங்குகிறது. 1847இல் எர்னஸ்ட் பூர்ஷே என்ற பாடலாசிரியர், இசையமைப்பாளர்களான இரண்டு நண்பர்களோடு அம்பாசதர் என்ற கஃபேக்குப் போனார். உட்கார்ந்திருக்கும்போது அவர்களுடைய பாட்டையே அங்கே பாடினார்கள். சர்க்கரைத் தண்ணீருக்குக் காசு கேட்டபோது, "எங்கள் பாட்டுக்கு நீங்கள் காசு தரவில்லை, உங்கள் தண்ணீருக்கு நாங்கள் ஏன் தர வேண்டும்?" என்ற மாதிரி மறுத்துவிட்டார்கள். விஷயம் நீதிமன்றம் போனது, பாட்டுக்காரர்கள் ஜெயித்தார்கள். அதன் தொடர்ச்சியாக 1851இல் சாசெம் தொடங்கியது.

ஆனால் அந்தச் சங்கத்தில் இசையமைப்பாளராகப் பதிவாவதற்கு அப்போது தேர்வு எழுதித் தேற வேண்டியிருந்தது. பியாஃபுக்கு அந்தத் தகுதி இல்லை. தெருவில் பாடி வளர்ந்தவர், முறையாக இசை படித்தவர் அல்ல. அதனால் மெட்டு தன்னுடையதே என்றாலும், அதற்குக் கீழே கையெழுத்துப் போட இன்னொருவரைத் தேட வேண்டியிருந்தது. தன்னோடு பல பாட்டுகளில் வேலை செய்த மர்கெரித் மொன்னோவிடம் கேட்டார். மொன்னோவுக்குப் பாட்டு பிடிக்கவில்லை, மறுத்துவிட்டார். அப்புறம்தான் லூயிகி ஒப்புக்கொண்டார். இவர் லூயி குக்லியெல்மி, பார்சிலோனாவில் பிறந்தவர். இன்றுவரை ஆவணத்தில் 'வரிகள்: எடித் பியாஃப், இசை: லூயிகி' என்றுதான் இருக்கிறது.

லூயிகியை ஏமாற்றுக்காரர் போலப் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். அவர் உண்மையான இசையமைப்பாளர். கியூபா இசைக்கலைஞர் பெரெஸ் பிராடோ 1955இல் அமெரிக்காவில் பத்து வாரம் முதலிடத்தில் வைத்திருந்த 'செர்ரி பிங்க்' இசையின் மூலமே இவருடையதுதான். ஒருவர் முணுமுணுத்ததை மெட்டாகச் செதுக்கித் தாளில் கொண்டுவருவது சின்ன வேலையும் அல்ல. அந்த வேலைக்குப் பங்கு உண்டு. மெட்டைக் கொண்டுவந்தவர் பெயர் இசைக் கட்டத்தில் இல்லாமல் போனதுதான் என் வருத்தம்.

பாட்டை முதலில் மிஷெல்தான் பாடினார். பியாஃப் தானே பாடிப் பதிவு செய்தது 1946 அக்டோபரில். பிறகு மாக் டேவிட் ஆங்கில வரி எழுத, 1950இல் ஏழு வெவ்வேறு கலைஞர்களின் பதிவுகள் அமெரிக்காவின் பிரபலப் பாட்டு வரிசையான பில்போர்டு பட்டியலில் ஏறின. லூயி ஆம்ஸ்ட்ராங் அதே ஆண்டு பாடினார். 1977இல் கிரேஸ் ஜோன்ஸ் டிஸ்கோவாக மாற்றினார். எத்தனை குரல் மாறினாலும் மெட்டு அதேதான். வரி மொழி மாறும்போது வேறொருவர் கைக்குப் போகும், மெட்டு எல்லா மொழிக்கும் கூடவே போகும். 'வரிக்கு மட்டும் என் பெயர் போதும்' என்று சொல்கிறவர்கள் இதைத்தான் யோசிப்பதில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. நம் சட்டத்தில் வரியும் இசையும் தனித்தனிப் படைப்புகள். பியாஃப் 1963இல் இறந்தார். ஆகவே அவருடைய பிரெஞ்சு வரிகளின் உரிமை இங்கே 2023 டிசம்பரோடு முடிந்துவிட்டது. லூயிகி இறந்தது 1991இல். ஆகவே அதே பாட்டின் இசைக்கு இங்கே 2051 கடைசிவரை உரிமை இருக்கிறது. சென்னையில் ஒருவர் அதைப் பிரெஞ்சிலேயே பாடி வெளியிட்டாலும் வரிக்கு அனுமதி வேண்டாம், மெட்டுக்கு வேண்டும். பிரான்சில் சேர்ந்து எழுதியவர்களில் கடைசியாக இறந்தவரை வைத்து 70 ஆண்டு கணக்கு, எனவே அங்கே கணக்கு லூயிகி இறந்த 1991இலிருந்து. இசைக்கும் பியாஃப் பெயர் மட்டும் இருந்திருந்தால் அங்கே அது 28 ஆண்டு முன்பே முடிந்துவிடும். யார் யாருக்கு எத்தனை ஆண்டு பணம் போகும் என்பதைப் படிவத்தின் ஒரு கட்டம் முடிவு செய்துவிட்டது.

அந்தப் பெண்ணிடம் நான் அழுத்திச் சொன்னது, நொட்டேஷன் தெரியாதது இங்கே ஒரு குறையே அல்ல என்பதை. 1994 திருத்தத்துக்கு முன்பு நம் சட்டமே இசை என்றால் எழுதி வைத்த ஸ்வரம் என்றுதான் பார்த்தது. இப்போது அப்படி இல்லை. வாயால் முணுமுணுத்து போனில் பதிந்ததும் இசைப் படைப்புதான். இரண்டு பேர் பங்கைப் பிரித்தெடுக்க முடியாதபடி சேர்ந்து மெட்டுப் போட்டால் இரண்டு பேருமே அதன் ஆசிரியர்கள். 2012 திருத்தத்தில் இன்னொன்றும் வந்தது. தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர மற்றப் பயன்பாடுகளுக்கு வரும் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள பங்கை, வாரிசுக்கோ வசூல் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. ஆனால் அந்தப் பாதுகாப்பு கிடைக்க, இசை என்ற இடத்தில் உங்கள் பெயர் முதலில் இருக்க வேண்டும்.

ஆகவே பாட்டு வெளியாகும் முன்பே பேசிவிடுங்கள். வரிக்கு யார், மெட்டுக்கு யார், எத்தனை விழுக்காடு என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பத்து நிமிட வேலை. அண்ணன் தப்பாக நினைப்பாரோ என்ற தயக்கத்தில்தான் பாதிப் பேர் இதைத் தள்ளிப் போடுகிறார்கள். பாட்டு ஓடாத காலத்தில் பேசுவது சுலபம், ஓட ஆரம்பித்த பிறகு வக்கீல் வைத்துத்தான் பேச வேண்டிவரும். முதல் முணுமுணுப்பை அழிக்காதீர்கள், அதில் பதிந்திருக்கும் தேதி சாட்சி.

நோட்டீஸ் அனுப்பலாமா என்று அவரிடம் கேட்டேன். வேண்டாம் மேடம், முதலில் நானே அண்ணனிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார். நேற்று வரைக்கும் பேசவில்லை. வாய்ஸ் நோட்டை மட்டும் மூன்று இடத்தில் சேமித்து வைத்திருக்கிறாராம், குக்கர் விசிலோடு.