ஒரே கருப்பையில் ஒரு குழந்தை மட்டும் ஏன் சிறுத்துப்போகிறது?

இரட்டைக் குழந்தைகளைச் சுமக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஸ்கேனில் ஒரு குழந்தையின் எடை குறைவாம். நான் சரியாகச் சாப்பிடவில்லை என்கிறார்கள் வீட்டில். அப்படியானால் இன்னொரு குழந்தை எப்படி நன்றாக வளர்கிறது?”

கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. பெரும்பாலும் குறை தாயின் உணவில் இல்லை. அது குழந்தைக்குப் போய்ச் சேரும் வழியில், நஞ்சுக்கொடியில் இருக்கிறது.

தாயின் ரத்தமும் சேயின் ரத்தமும் கலப்பதில்லை என்று பள்ளியிலேயே படித்திருப்போம். நஞ்சுக்கொடிக்குள் சேயின் ரத்தக்குழாய்கள் மரக்கிளைகளாகப் பிரிந்து நிற்க, அவற்றைச் சுற்றித் தாயின் ரத்தம் குளம்போல் நிரம்புகிறது. பிரசவ நேரத்தில் சுமார் அரைக் கிலோ எடையுள்ள அந்த உறுப்பில், கிளைகளின் மேற்பரப்பு மட்டும் ஏறத்தாழ 12 சதுர மீட்டர்.

அந்தக் குளத்தை நிரப்பும் வாய்க்கால்களைப் பற்றி எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. கருப்பைச் சுவரில் சுருள் சுருளான தமனிகள் இருக்கின்றன. கரு பதிந்ததும், நஞ்சுக்கொடியின் டிரோபோபிளாஸ்ட் செல்கள் தாயின் திசுவுக்குள் ஊடுருவி அவற்றைத் தேடிப் போகின்றன. முதலில் தமனிகளின் வாயை அடைத்துக்கொள்கின்றன. இளம் கருவுக்கு அதிக ஆக்சிஜன் ஆகாது. முதல் மூன்று மாதம் முடியும் தறுவாயில் அடைப்பு விலகுகிறது. இதற்கிடையில் தமனிச் சுவரின் தசை கரைந்து, அந்த இடத்தில் இந்தச் செல்களே குடியேறிவிடுகின்றன. குறுகிய குழாயின் வாய் பல மடங்கு அகன்று புனலாகிறது. 1967-இல் பிரோசென்ஸ், ராபர்ட்சன், டிக்சன் ஆகிய ஆய்வாளர்கள் இந்த மாற்றத்தை விரிவாக எழுதினார்கள்.

வாய் அகன்றால் ரத்தம் அதிகம் வரும் என்றுதான் தோன்றும். அதைவிடப் பெரிய ஆதாயம், வேகம் தணிவது. அகலாத தமனியிலிருந்து ரத்தம் நொடிக்கு ஒரு மீட்டருக்கும் மேலான வேகத்தில் பீறிடும். அகன்ற வாயிலோ சுமார் 10 சென்டிமீட்டர்தான். மெல்லிய கிளைகள் நோகாமல், ஆக்சிஜன் இறங்க அவகாசம் கிடைக்கிறது. தசை போய்விட்டதால், தாய் பயந்து பதறினாலும் அந்த வாய் சுருங்காது. தாயின் ரத்தக்குழாயைச் சேயின் பக்கத்துச் செல்கள் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்கின்றன!

இந்த வேலை அரைகுறையாக நின்றால், குறுகிய வாயிலிருந்து பீறிடும் ரத்தம் கிளைகளைச் சிதைக்கிறது. சேயின் இதயம் நஞ்சுக்கொடிக்குள் ரத்தத்தைத் தள்ளத் திணறுகிறது. ரத்த ஓட்டத்தை அலைகளாகக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் இதைக் கண்ணால் பார்க்கலாம். தொப்புள்கொடித் தமனியின் அலைகளில், இரண்டு துடிப்புகளுக்கு நடுவே உள்ள பள்ளம், ஓட்டமே இல்லை என்பதைக் குறிக்கும் அடிக்கோட்டுக்கு மேலேயே நிற்க வேண்டும். எதிர்ப்பு ஏற ஏறப் பள்ளம் கோட்டைத் தொடும். முற்றினால் கோட்டுக்குக் கீழே இறங்கும், அதாவது ரத்தம் பின்னோக்கிப் பாய்கிறது. அந்த நெருக்கடியிலும் சேய் மூளைக்குத்தான் முதலில் ரத்தம் அனுப்புகிறது. அதனால் தலை ஓரளவு வளர, வயிறு ஒட்டிப்போகிறது.

இரட்டையரில் ஆளுக்கொரு நஞ்சுக்கொடி இருந்தால் கதை ஏறக்குறைய இதேதான். ஒன்றையே பங்கிட்டால் கதை வேறு. ஒரு தொப்புள்கொடி நடுவிலும் மற்றது ஓரத்திலும் ஒட்டியிருந்தால், ஓரத்துக் குழந்தைக்குப் பெரும்பாலும் சிறிய பங்குதான். ஆனால் அந்த ஒற்றை நஞ்சுக்கொடியின் மேற்பரப்பில் இருவரின் ரத்தக்குழாய்களும் இணைந்திருக்கும். பெரிய குழந்தையின் ரத்தம் அவ்வழியே வந்து சிறியதைத் தாங்குவதுண்டு. அதே இணைப்புதான் ஆபத்தும்: ஒன்று இறந்தால், மற்றதன் ரத்தம் திடீரென்று அந்தப் பக்கம் வடிந்துவிடக்கூடும்.

நஞ்சுக்கொடியின் இந்தக் குறையைச் சரிசெய்ய இன்றுவரை நம்பகமான மருந்து இல்லை. ரத்தக்குழாயை விரிக்கும் சில்டெனாஃபில் மருந்தை நம்பி நெதர்லாந்தில் நடந்த ஆய்வு, பிறந்த குழந்தைகளின் நுரையீரல் பாதிக்கப்பட்டதால் 2018-இல் நிறுத்தப்பட்டது. பிரசவம் முடிந்ததும் குப்பைக்குப் போகும் உறுப்பு என்பதாலோ என்னவோ, நஞ்சுக்கொடி ஆராய்ச்சிக்கு உரிய பணம் ஒதுக்கப்படவில்லை என்பது என் ஆதங்கம். அந்த வெற்றிடத்தில்தான் தாயின் மீது பழி வந்து உட்காருகிறது.

வாசகிக்கு ஒன்று: 11 முதல் 14 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரியும். அடுத்த ஸ்கேன் எப்போது என்பதை மருத்துவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.