கணைய அறுவைக்குப் பின்: சீட்டில் 1-1-1 என்றால் போதாது

கணைய அறுவை முடிந்தவர்களுக்கு, உணவைச் செரிக்க வைக்கும் கணையச் சாற்றின் பொருளான என்சைமைக் கேப்ஸ்யூலாகக் கொடுப்பார்கள். மருந்துச் சீட்டில் அதற்கு நேரே 1-1-1 என்று இருக்கும். மருந்துக்கடையில் அட்டை மேல் ‘சா. பின்’, அதாவது சாப்பாட்டுக்குப் பின், என்று கிறுக்கித் தருவார்கள். வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவியதும் மற்ற மாத்திரைகளோடு சேர்த்து இதையும் விழுங்குவார்கள். எடை இறங்கிக்கொண்டே போகும். ‘மருந்து கேட்கவில்லை’ என்று அடுத்த முறை வந்து சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு அந்த ‘சா. பின்’னில்தான் இருக்கும்.

விப்பிள் அறுவையில் கணையத்தின் தலைப்பகுதி, சிறுகுடலின் தொடக்கமான டியோடினம், பித்தப்பை, பித்தக்குழாயின் கீழ்ப்பகுதி எல்லாம் எடுக்கப்படும். சிலருக்கு இரைப்பையின் கடைசிப் பகுதியும் போகும். மிச்சக் கணையம் சாறு சுரக்கத்தான் செய்யும். ஆனால் ‘சோறு வந்துவிட்டது’ என்று அதற்குச் சொல்லும் ஹார்மோன்கள் முக்கியமாக டியோடினத்தில் ஊறுபவை. அது இல்லாததால் சாறு குறைவாகவும் தாமதமாகவும் வரும். அதற்குள் உணவு குடலில் முன்னே போய்விடும். அதனால் உணவோடு உணவாக என்சைமும் இறங்கினால்தான் பலன். விப்பிள் முடிந்தவர்களுக்குப் பரிசோதனைக்குக் காத்திராமலே இதைத் தொடங்குவது வழக்கம். வால்பகுதி மட்டும் எடுத்தவர்களில் சிலருக்கே தேவைப்படும். முழுக் கணையமும் போனவர்களுக்கு இன்சுலினோடு சேர்த்து ஆயுளுக்கும் வேண்டும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இளவயதிலேயே கணையக் கல் வந்து, கணையக் குழாயைத் திறந்து கல்லை அகற்றும் ஃப்ரே அறுவை செய்துகொள்பவர்கள் உண்டு. அவர்களுக்கு வெட்டி எடுப்பது கொஞ்சம்தான். ஆனால் பல ஆண்டு நோயில் சுரப்பி முன்பே காய்ந்திருப்பதால் அவர்களில் பலருக்கும் கேப்ஸ்யூல் வேண்டியிருக்கும்.

அட்டையில் உள்ள 10,000, 25,000, 40,000 என்ற எண்கள், கொழுப்பைச் செரிக்கும் என்சைமான லைபேஸின் யூனிட்டைக் குறிப்பவை. பெரியவர்களுக்கு ஒரு முழுச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 வரையும், சிற்றுண்டிக்கு அதில் பாதியும் தொடக்க அளவு. 10,000 யூனிட்டில் ஒன்றைப் போட்டுக்கொண்டு மீன்குழம்புச் சாப்பாடு சாப்பிட்டால் அது எந்த மூலைக்கும் போதாது. மலம் வெளிறி, பிசுபிசுத்து, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் ஒட்டினால், எண்ணெய் மிதந்தால் அளவைக் கூட்ட வேண்டும். ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10,000 யூனிட் என்பது பொதுவான உச்சவரம்பு. 50 கிலோ உள்ளவருக்கு 5 லட்சம். கூட்டுவதை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

முதல் கேப்ஸ்யூல் முதல் கவளத்தோடு. இரண்டு என்றால் மற்றது சாப்பாட்டின் நடுவில். பந்தியில் அரைமணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் மூன்றாகப் பிரித்துப் போடலாம். மறந்துவிட்டால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்வரை போடலாம். இலையை மூடிய பிறகு போட்டுப் பயனில்லை, அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகவும் போட வேண்டாம். உள்ளே இருக்கும் குருணைகளின் மேல்பூச்சுதான் இரைப்பை அமிலத்திலிருந்து என்சைமைக் காக்கிறது. அதைக் கடித்தால் வாயும் புண்ணாகும், மருந்தும் வீணாகும். விழுங்க முடியாதவர்கள் கேப்ஸ்யூலைத் திறந்து ஒரு கரண்டி ஆப்பிள் மசியலில் கலந்து உடனே விழுங்கி, வாய் கொப்பளிக்க வேண்டும். பாலிலோ சூடான கஞ்சியிலோ கலக்கக் கூடாது. காபியோடு விழுங்குவதும் வேண்டாம். சித்திரை வெயிலில் அடுப்பங்கரை அலமாரியும் வண்டிப் பெட்டியும் இந்த மருந்துக்கு ஆகாத இடங்கள். பெரும்பாலான அட்டைகளில் 25 டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருக்கும்.

எதற்குப் போட வேண்டும் என்பதில்தான் குழப்பம் அதிகம். கடுங்காப்பி, இளநீர், ஒரு துண்டுப் பழம் ஆகியவற்றுக்கு வேண்டாம். வடை, சுண்டல், முட்டை, பிஸ்கட், ஒரு தம்ளர் பால் எல்லாவற்றுக்கும் வேண்டும். நம் வீட்டுக் காபியில் பாதிக்கு மேல் பாலாகவே இருப்பதால் அதையும் கணக்கில் சேருங்கள்; கேப்ஸ்யூலை மட்டும் காபியில் விழுங்காமல் தண்ணீரில் விழுங்குங்கள்.

வீட்டார் அன்பு மிகுதியால் செய்யும் தவறு ஒன்று உண்டு: எண்ணெயை அறவே நிறுத்தி இட்லியும் ரசம் சாதமுமாகவே கொடுப்பது. மலம் சரியாகிவிடும், ஆள் இளைத்துவிடுவார். மலம் நன்றாகத் தெரிவதால் கேப்ஸ்யூலையும் குறைத்துவிடுவார்கள்! கொழுப்பைக் குறைக்காமல் என்சைமைச் சரிக்கட்டுவதே முறை. ஒரே மூச்சில் தட்டு நிறையச் சாப்பிட முடியாது என்பதால் ஐந்தாறு வேளையாகப் பிரித்து, இட்லிக்கு நல்லெண்ணெய்ப் பொடி, பருப்புச் சாதத்துக்கு நெய், இடையில் முட்டை, மீன், பனீர் என்று போகலாம். புரதம் கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை இலக்கு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும். எடை குறைந்திருக்கும் காலத்தில் தவிடும் சிறுதானியமும் தட்டை நிறைக்க வேண்டாம். நார்ச்சத்து கூடினால் வயிறு சீக்கிரம் நிரம்பிவிடும், என்சைமின் வேலையும் மட்டுப்படும். ஊரெல்லாம் தினை, சாமை பேசும் காலத்தில் இதைச் சொன்னால் ஆச்சரியமாகப் பார்க்கிறார்கள்.

என்சைம் சரியாக அமைந்தால் மாவுச்சத்தும் நன்றாகச் செரித்து இரத்தச் சர்க்கரை ஏறலாம். அதற்கு இன்சுலினைத் திருத்த வேண்டும், கேப்ஸ்யூலை நிறுத்தக் கூடாது. இன்சுலினைப் போட்டுவிட்டு என்சைமை விட்டால் இன்னும் ஆபத்து: சோறு செரிக்காது, சர்க்கரை தடாலென்று இறங்கும். சர்க்கரையைத் தூக்கிவிடும் குளுக்ககானும் கணையத்தில்தான் சுரக்கிறது. கணையம் போனவருக்கு அந்தக் காவல் இருக்காது.

அளவும் நேரமும் சரியாக இருந்தும் தேறவில்லை என்றால் அமிலம் மிகுந்து என்சைம் கெடுகிறதா, குடலில் கிருமிகள் பெருகியிருக்கின்றனவா, பித்த அமிலத்தால் வரும் பேதியா என்று பார்க்க வேண்டும். பான்டோபிரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரையைச் சேர்த்ததும் சிலருக்கு நிலைமை மாறும். வைட்டமின் ஏ, டி, ஈ, பி12, இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றையும், வைட்டமின் கே அறிய இரத்தம் உறையும் நேரத்தையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாருங்கள். எலும்பு அடர்த்தியையும் விட்டுவிடாதீர்கள்.

‘இது விலை அதிகம், ஜீரண சிரப் கொடுங்கள்’ என்று கடையில் மாற்றி வாங்குவது நடக்கிறது. மாவுச்சத்தைச் செரிக்கும் டயஸ்டேஸ், புரதத்தைச் செரிக்கும் பெப்சின் கலந்த சிரப் கொழுப்பைச் செரிக்காது. இன்னொன்று, இந்தக் கேப்ஸ்யூல்களில் உள்ள என்சைம் பன்றிக் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. அதே வலுவில் சைவ மாற்று நடைமுறையில் கிடையாது. சமயம் சார்ந்தோ உணவு நெறி சார்ந்தோ தயங்குபவர்கள் வீட்டாரிடமும் தாங்கள் மதிக்கும் பெரியவர்களிடமும் பேசி முடிவெடுக்க நேரம் வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று சொன்னால் அந்த நேரம் கிடைக்காது. அறுவைக்கு நாள் குறிக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.