சேமிக்கும்போதே எஸ்கேப் செய்யாதீர்கள்

போன வாரமும் அதே கதை: தரவைச் சேமிக்கும்போதே எஸ்கேப், அதாவது சிறப்புக் குறிகளுக்கு முன் பேக்ஸ்லாஷ் (\) போன்ற அடையாளம் சேர்ப்பது. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலைத் திறந்தால் ஓ'பிரையன் என்ற பெயர் ஓ\\\\\\\'பிரையன் என்று நிற்கிறது. 7 பேக்ஸ்லாஷ். எண்ணியதுமே தெரிந்துவிட்டது, அந்தப் பதிவை 3 முறை சேமித்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் மேற்கோளுக்கும் ஏற்கெனவே உள்ள ஒவ்வொரு பேக்ஸ்லாஷுக்கும் முன் ஒன்று சேரும்: முதலில் 1, அடுத்து 3, பிறகு 7. இன்னொரு தடவை திருத்தியிருந்தால் 15. இதற்கு அங்கே கண்ட தீர்வு, பெயரில் மேற்கோள்குறியே வரக்கூடாது என்று படிவத்தில் தடை. ஒருவருடைய பெயரைத் தப்பு என்று சொல்ல நாம் யார்?

"உள்ளே வரும்போதே எஸ்கேப் செய்துவிட்டால் அப்புறம் எங்கேயும் பயமில்லை" என்கிறார்கள். எத்தனை பேருக்குத்தான் சொல்வது! எஸ்கேப் என்பது ஸ்டிரிங்கைக் (எழுத்துச் சரத்தை) கழுவிச் சுத்தம் செய்வதல்ல. அது போய்ச் சேரும் இடத்தின் இலக்கணப்படி எழுதுவது. வலைப்பக்க மொழியான எச்டிஎம்எல்லில் கவனிக்க வேண்டியவை <, & போன்றவை. தரவைப் பரிமாறும் வடிவமான ஜேசானில் இரட்டை மேற்கோள், பேக்ஸ்லாஷ், வரிமுறிவு. அங்கே ஒற்றை மேற்கோளுக்கு முன் பேக்ஸ்லாஷ் போட்டால் அந்த ஜேசானே செல்லாது. டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல்லின் தரப்படி ஒற்றை மேற்கோளை இரண்டாக எழுத வேண்டும்; போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் 9.1 பதிப்பு முதல் சாதாரண ஸ்டிரிங்கில் பேக்ஸ்லாஷ் வெறும் எழுத்துதான், எதையும் காக்காது. ஒரே பெயர் இந்த எல்லா இடங்களுக்கும் போகும். வாசலிலேயே எதற்கென்று எஸ்கேப் செய்வீர்கள்? பிஎச்பி என்ற நிரல்மொழி இதைத் தானாகவே செய்து பார்த்தது, மேஜிக் கோட்ஸ் என்று. 2012-இல் 5.4 பதிப்பில் அதை நீக்கியே விட்டார்கள். இன்றும் அதைக் கையால் எழுதி வைக்கிறார்கள்.

டேட்டாபேஸுக்குப் பாராமீட்டர் வைத்த கொயரி மட்டுமே, அதாவது கட்டளையில் மதிப்புக்கு இடம் மட்டும் விட்டு எழுதுவது. மதிப்பு தனியாகப் போகும், எஸ்கேப் வேலையே உங்களுக்கு இல்லை. அட்டவணைப் பெயர் மட்டும் அப்படிப் போகாது. அதை அனுமதித்த பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஜேசானை + போட்டுத் துண்டு துண்டாக ஒட்டாதீர்கள், அதற்கு லைப்ரரி (ஆயத்த நிரல்) இருக்கிறது. எச்டிஎம்எல்லுக்கான எஸ்கேப் பக்கத்தை வரையும் இடத்தில்தான். பைத்தான் நிரல்மொழி 3.12 பதிப்பு முதல், நிரலில் தெரியாத எஸ்கேப்பைக் கண்டால் எச்சரிக்கும், அதை அணைக்காதீர்கள். சோதனைத் தரவில் ' " \ & < ஐந்தும் உள்ள பெயர் ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

ஏற்கெனவே கெட்டுப்போன பதிவுகள் இருந்தால், தயவுசெய்து எல்லா பேக்ஸ்லாஷையும் ஒரே கட்டளையில் அழித்துவிடாதீர்கள். பேக்ஸ்லாஷ் உள்ள உண்மையான கோப்புப் பாதைகளும் சேர்ந்து போய்விடும். முதலில் சேமிக்கும் இடத்தில் இருக்கும் எஸ்கேப்பை எடுங்கள். பேக்கப் எடுங்கள். பிறகு மேற்கோளுக்கு முன்னால் நிற்பவற்றை மட்டும், ஒவ்வொரு நெடுவரிசையாக, கண்ணால் பார்த்துத் திருத்துங்கள்.