பொருட்குறி: சொல் விளக்கம்

ஒரு செயலையோ இடத்தையோ ஆளையோ குறிப்பதற்காகக் கையில் கொடுத்துத் தடவச் செய்யும் பொருளே பொருட்குறி. பார்வையும் கேட்கும் திறனும் ஒருங்கே குறைந்த குழந்தைக்கு, அடுத்து நடக்கப்போவதை அது முன்கூட்டிச் சொல்கிறது. சொம்பு கைக்கு வந்தால் குளியல், கரண்டி வந்தால் சோறு.

ஆங்கிலத்தில் இது ‘ஆப்ஜெக்ட் ஆஃப் ரெஃபரன்ஸ்’. நெதர்லாந்தில் இத்தகைய குழந்தைகளுக்குக் கற்பித்த யான் வான் டைக், 1960-களில் வளர்த்த முறையோடு சேர்ந்து வந்தது. இதைச் சிலர் ‘மாதிரிப் பொருள்’ என்கிறார்கள். அது தவறு மட்டுமல்ல, கெடுதலும்கூட. மாதிரி என்றவுடன் பொம்மைக் கடைக்குப் போய்விடுகிறோம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏற்காடு போகும் குழந்தைக்கு, பிளாஸ்டிக் பஸ் பொம்மை எதையும் சொல்லாது. பஸ் அப்படி இருக்கும் என்பது கண்ணுக்குத் தெரிந்த சங்கதி. கைக்குத் தெரிந்த பஸ் என்பது பிடித்துக்கொள்ளும் கம்பிதான். அதே பருமனில் ஒரு சாண் குழாய்த்துண்டு போதும். வெட்டிய முனைகளை அரத்தால் தேய்த்துவிட வேண்டும்.

இதன் பெயரில் ‘ஊறு’ என்று சேர்க்கலாமே என்றால், அது நல்ல பழஞ்சொல்தான். ‘சுவைஒளி ஊறுஓசை நாற்றம்’ என்ற குறளில் அது தொடுபுலன். இன்றைக்கு ஊறு என்றால் காயம், ஆகவே உதவாது. ‘தொடுகுறி’ வேறு: தோளில் இருமுறை தட்டினால் ‘எழுந்திரு’ என்பதுபோல, உடம்பில் தொட்டுச் சொல்வது.

‘குறி’ என்ற சொல்லே இங்கே பாதி வேலையைச் செய்கிறது. குறி சொல்லுகிறவர் ஞாபகம் வந்தால் தள்ளிவையுங்கள். அகப்பாடல்களில் குறி என்பது இருவர் முன்பே பேசிவைத்துக்கொண்ட அடையாளம். தானாக எழுந்த ஓசையைத் தலைவனின் குறி என்று எண்ணித் தலைவி வந்து ஏமாறுவது ‘அல்லகுறி’. பொருட்குறி பெரும்பாலும் கெடுவதும் இப்படித்தான். குறிக்கான கரண்டி தரையில் கிடந்து கையில் பட்டால், குழந்தை சோற்றுக்குக் காத்திருக்கும். வராது. நாலு முறை இப்படி ஆனால் கரண்டிக்கு அர்த்தமே போய்விடும். அதனால் குறிக்கு வைத்த பொருள் விளையாட்டுக்கு ஆகாது. வீட்டில் அம்மா, பாட்டி, டீச்சர் எல்லாரும் ஒரே பொருளையே கொடுக்க வேண்டும்.

இரண்டு மூன்று குறிகளோடு தொடங்கினால் போதும், தினமும் தவறாமல் நடக்கும் செயல்களாகப் பார்த்து. செயலுக்குச் சற்று முன்பு கொடுக்க வேண்டும். அரை மணி முன்னால் கொடுத்தால் இரண்டும் ஒட்டாது. குழந்தையின் கையைப் பிடித்துப் பொருளில் அழுத்தாதீர்கள், கையை இழுத்துக்கொள்ளப் பழகிவிடும். உங்கள் கையில் பொருளை வைத்து, குழந்தையின் கைக்கு அடியில் கொண்டுபோங்கள். பிறகு பொறுங்கள். பத்து எண்ணுவது பெரியவர்களுக்கு நீளமாகத்தான் தோன்றும். செயல் முடிந்ததும் அந்தப் பொருளைக் குழந்தையே ‘முடிந்தது’ பெட்டியில் போடட்டும்.

ஏற்காட்டுத் தோட்ட வீட்டுக்கு, காப்பிக்கொட்டை போட்ட துணிப்பை நல்ல குறி. கொட்டை வாய்க்குப் போகாதபடி இரட்டைத் தையல் வேண்டும். வறுத்த கொட்டை என்றால் மூடியுள்ள தனி டப்பாவில் வைக்க வேண்டும், இல்லையேல் எல்லாக் குறியிலும் காப்பி மணக்கும். அட்டையில் வெள்ளைப் பசையால் ஒட்டிய குறிகள் மலைப்பனியில் நமுத்து விழும். ஒட்டுப்பலகையில் இரு துளையிட்டு நூலால் கட்டுவதே நிற்கும். தேய்ந்துபோன குறியைத் திடீரென மாற்றாமல், பழையதையும் புதியதையும் சில வாரம் சேர்த்துக் கட்டிக் கொடுங்கள்.