ஒன்பது இலக்கம் காட்டினால் ஒன்பதும் நிஜமா?

லினக்ஸில் ஏதாவது ஒரு ஃபைல் மேல், அதன் விவரங்களைக் காட்டும் ஸ்டாட் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். கடைசியாக மாற்றிய நேரம் 10:15:32.481203117 என்கிற மாதிரி, வினாடிக்குப் பின்னால் ஒன்பது இலக்கத்தோடு வந்து நிற்கும். மூல நிரலிலிருந்து மென்பொருளை உருவாக்கும் பில்ட் ஸ்கிரிப்ட் எழுதுகிற பலரும் இதைப் பார்த்துவிட்டு, நானோவினாடி வரைக்கும் இருக்கிறதே, இரண்டு மாற்றத்துக்கு ஒரே நேரம் விழவே விழாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். விழும். தாராளமாக விழும்.

சந்தேகம் இருந்தால் ஷெல்லில் சின்னதாக ஒரு லூப் போட்டு மூன்று ஃபைலை அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள், பெரும்பாலும் மூன்றுக்கும் ஒன்பது இலக்கமும் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கும். ஒவ்வொரு தடவை எழுதும்போதும் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கடிகாரத்தைத் துல்லியமாகப் படிப்பதில்லை, அது செலவு. கடைசி டிக்கில், அதாவது கர்னலின் சீரான துடிப்பில், குறித்துவைத்த நேரத்தையே எடுத்துப் போட்டுவிடுகிறது. வினாடிக்கு 250 டிக் என்று அமைத்த கர்னலில் அந்த நேரம் 4 மில்லிவினாடிக்கு ஒருமுறைதான் நகரும், அதற்குள் ஒரு ஸ்கிரிப்ட் எவ்வளவோ வேலை பார்த்துவிடும். லினக்ஸ் 6.13-இல் இதற்கு ஒரு தீர்வு வந்தது: ஒரு ஃபைலின் நேரத்தை யாராவது கேட்டுப் பார்த்த பிறகு அது மாறினால், அப்போது மட்டும் துல்லியமான நேரம். இதையே 6.6-க்குக் கொண்டுவரப் பார்த்து, பிந்தி மாறிய ஃபைலுக்கு முந்திய நேரம் விழுகிறது என்று தெரிந்ததும் வெளியீட்டுக்கு முன்பே திரும்ப எடுத்துவிட்டார்கள். பழைய ஃபைல் சிஸ்டம்களில் நானோ பேச்சே கிடையாது. இஎக்ஸ்டி3-இல் ஒரு வினாடி, பென் டிரைவில் இருக்கும் ஃபேட்டில் இரண்டு வினாடி.

சரி, நிரலின் பதிப்புகளைக் கண்காணிக்கும் கிட் இதை எப்படிச் சமாளிக்கிறது? ஒவ்வொரு ஃபைலின் அளவு, மாற்றிய நேரம், ஐநோடு எண் (ஃபைல் சிஸ்டம் ஃபைலுக்குக் கொடுக்கும் அடையாள எண்) எல்லாவற்றையும் இண்டெக்ஸ் என்ற தன் பட்டியலில் வைத்துக்கொள்ளும். என்னென்ன மாறியிருக்கிறது என்று காட்டும் கிட் ஸ்டேட்டஸ் கட்டளையைக் கொடுத்தால் அவை அப்படியே இருக்கும் ஃபைலைத் திறக்காமலே மாறவில்லை என்று சொல்லிவிடும், அந்த வேகம் அப்படித்தான் வருகிறது. ஆனால் ஃபைலின் நேரமும் இண்டெக்ஸ் எழுதப்பட்ட நேரமும் ஒன்றாக இருந்தால், அல்லது ஃபைல் அதற்கும் பிந்தியதாக இருந்தால், கிட் நம்பாது. உள்ளடக்கத்தைத் திறந்து பார்க்கும். நானோ இலக்கத்தை ஒப்பிடும் வசதியும் அதில் உண்டு, ஆனால் மூலத்திலிருந்து பில்ட் செய்தால் இயல்பாக அணைந்தே இருக்கும். காரணம், பழைய கர்னல்களில் நினைவகத்தில் இருக்கும்வரை நானோ இலக்கம் இருக்கும், டிஸ்கிலிருந்து மறுபடி படித்தால் காணாமல் போகும். யாரும் தொடாத ஃபைல் மாறியதாகத் தெரியும்.

கிட்டைப் போன்ற இன்னொரு கருவியான சப்வெர்ஷன் இன்னும் வெளிப்படை: அப்டேட் முடிந்ததும் நேரம் நகரும்வரை கொஞ்சம் தூங்கிவிட்டுத்தான் திரும்பும். அந்தத் தூக்கத்தை நிறுத்த ஒரு சூழல் மாறி உண்டு, அதன் பெயரே கிட்டத்தட்ட "கெட்டுப்போன வொர்க்கிங் காப்பி எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றுதான் ஆரம்பிக்கும். எழுதியவர்கள் எவ்வளவு கடுப்பில் இருந்தார்களோ!

கருவியை விட அதன் செட்டிங்கில்தான் நான் அதிகம் சிக்கல் பார்க்கிறேன். ஒரே ஃபோல்டரை விண்டோஸிலும் டாக்கரிலும் (நிரலைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) பகிர்ந்துகொண்டால் ஸ்டேட்டஸ் மெதுவாகிறது என்று, யாரோ இணையத்தில் சொன்னதை நம்பி, கிட்டின் செட்டிங்கில் கோர்.டிரஸ்ட்சிடைமை ஃபால்ஸ், கோர்.செக்ஸ்டாட்டை மினிமல் என்று வைத்துவிடுகிறார்கள். அதன் பிறகு கிட் பார்ப்பது ஃபைலின் அளவையும் முழு வினாடி நேரத்தையும் மட்டும்தான். இப்போது பதிப்பு எண்ணை 1.4.2-இலிருந்து 1.4.3 ஆக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று, பில்ட் எப்போது ஓடினாலும் ஒரே பைட் வரவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு தடவையும் எல்லா ஃபைலுக்கும் அதே பழைய தேதியைப் போட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவு மாறவில்லை, நேரமும் மாறவில்லை. எடிட்டரில் 1.4.3 என்று கண்ணெதிரே இருக்கும், ஸ்டேட்டஸ் எதுவுமே மாறவில்லை என்று சொல்லும், கிட் ஆட் கொடுத்தாலும் ஒன்றும் சேராது. ஒரு குழுவில் இதைக் கிட்டின் பக் என்றே முடிவு செய்து வைத்திருந்தார்கள்.

உடனடி வைத்தியம், அந்த ஃபைலின் நேரத்தை டச் கட்டளையால் புதுப்பிப்பதுதான். நேரம் நகர்ந்ததும் கிட் திறந்து பார்த்துவிடும். அப்புறம் கிட் கான்ஃபிக்கைப் பட்டியலிட்டு மேலே சொன்ன இரண்டும் யார் தேவைக்காக இருக்கின்றன என்று கேளுங்கள், பதில் வராவிட்டால் எடுத்துவிடுங்கள். உங்கள் சொந்த ஸ்கிரிப்டில் மாறியதா இல்லையா என்று தெரியவேண்டிய இடத்தில் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் குறியீடு) எடுத்து ஒப்பிடுங்கள். ஃபைல்களை நகலெடுத்து அனுப்பும் ஆர்சிங்க்கும் இயல்பாக அளவையும் நேரத்தையும்தான் பார்க்கிறது, வெளியீட்டு ஃபைல்களை அனுப்பும்போது உள்ளடக்கத்தையே ஒப்பிடும் செக்சம் தேர்வைப் போட்டால் கொஞ்சம் மெதுவாகும், பரவாயில்லை. பில்டை ஓட்டும் மேக் (make) கருவி மட்டும் வேறு ரகம், நேரத்தைத் தவிர அதற்கு வேறெதுவும் தெரியாது; மூல ஃபைலுக்கும் அதிலிருந்து உருவான ஃபைலுக்கும் ஒரே நேரம் என்றால் புதுப்பிக்கத் தேவையில்லை என்று போய்விடும், அதனால் வெளியீட்டுக்கான பில்டை எப்போதும் புதிதாக குளோன் செய்த ஃபோல்டரில் ஓட்டச் சொல்கிறேன்.