தெரபி டாக்: ‘சிகிச்சை நாய்’னு சொல்றது சரிதானா?

தெரபி டாக்ங்கற வார்த்தையை இப்ப நிறைய இடத்துல பாக்கறோம், தமிழ்ல எழுதறவங்க பெரும்பாலும் ‘சிகிச்சை நாய்’னு போட்டுட்டு அடுத்த வரிக்கு போயிடறாங்க. அதை முதல்முறையா படிக்கறவங்களுக்கு என்ன தோணும்? ஏதோ ஒரு நாய்க்கு அடிபட்டிருக்கு, அதுக்கு சிகிச்சை நடக்குதுன்னுதான் தோணும். சரி, ‘மருத்துவ நாய்’னு மாத்தலாமேன்னா அதுலயும் சிக்கல் இருக்கு, மோப்பம் பிடிச்சு நோயை கண்டுபிடிக்க பழக்கற நாய்ங்க தனியா இருக்கு, அந்தப் பேரு அதுங்களுக்குத்தான் பொருந்தும். அதனால இந்த வார்த்தையை கொஞ்சம் பிரிச்சு பாத்துடலாம்.

முதல்ல பொருள். தெரபி டாக்னா, தன்னை வளர்க்கறவரோட சேர்ந்து ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், பள்ளிக்கூடம் மாதிரி இடங்களுக்கு போய், அங்க இருக்கறவங்க தடவிக் குடுக்கவும் பக்கத்துல வச்சுக்கவும் இடம் குடுக்கற நாய். பெரும்பாலும் ஒரு வீட்டுல செல்லமா வளர்ற நாயாத்தான் இருக்கும், கூட்டிட்டு வர்றவரும் பெரும்பாலும் தன்னார்வலர்தான். ஆனா இது எல்லா நாய்க்கும் வராது. நல்ல குணமான நாயா இருந்தாலும் சோதனை வைப்பாங்க, பின்னாடி திடீர்னு ஏதாவது டமால்னு விழுந்தா என்ன பண்ணுது, சக்கர நாற்காலி உரசிட்டு போனா ஒதுங்குதா, பழக்கமில்லாத கை முரட்டுத்தனமா தடவினா பொறுத்துக்குதா, கீழ கிடக்கறதை ‘விடு’ன்னு சொன்னா விட்டுடுதான்னு எல்லாம் பாப்பாங்க. கடைசியா சொன்னது சும்மா ஒழுக்கத்துக்காக இல்ல, ஆஸ்பத்திரி தரையில மாத்திரை விழுந்து கிடக்கும், நாய் அதை நக்கிட்டா உயிருக்கே ஆபத்து.

இப்ப வேருக்கு வருவோம், எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி இதுதான். தெரபிங்கறது கிரேக்கத்துல ‘தெராபியா’ங்கற சொல்லுல இருந்து வந்தது. இன்னிக்கு நாம அதை ‘குணப்படுத்தறது’னு எடுத்துக்கறோம், ஆனா அதோட வினைச்சொல்லுக்கு பணிவிடை செய்றது, கூட இருந்து கவனிச்சுக்கறதுன்னும் பொருள் உண்டு. அதே குடும்பத்துச் சொல்லு ‘தெராபோன்’, அப்படின்னா பணியாள், உடனிருப்பவன். ஹோமர் பாடின பழைய கிரேக்க காவியம் இலியட்ல பாட்ரோக்ளஸ்ங்கறவன் அக்கிலீஸ்ங்கற மாவீரனுக்கு தெராபோன், அதாவது எப்பவும் பக்கத்துல நின்ன தோழன். ஆக இந்தச் சொல் குடும்பத்துல நோயை விரட்டற ஆளு மட்டும் இல்ல, பக்கத்துலயே இருக்கற ஆளும் இருக்கான். இந்தச் சொல்லு ஆங்கிலத்துக்குள்ள வந்ததே 19-ஆம் நூற்றாண்டுலதான். டாக்ங்கற சொல்லுக்கோ வேரே பிடிபடல, பழைய ஆங்கிலத்துல நாய்க்கு வழக்கமா சொன்னது ‘ஹுண்ட்’, டாக் அப்புறமா வந்து அந்த இடத்தை பிடிச்சுக்கிச்சு.

சிகிச்சைங்கறது சமஸ்கிருதத்துல இருந்து வந்தது, அங்கயும் ‘கவனிக்கறது, உணர்றது’ன்னு பொருள் தர்ற ‘சித்’ங்கற வேர்தான் அடியில இருக்கு. ஆக வேர்ல அந்தச் சொல்லு மேல தப்பு இல்லீங்க. ஆனா இன்னிக்கு நம்ம காதுல சிகிச்சைன்னா ஊசி, மாத்திரை, ஆபரேஷன், டாக்டர், அவ்வளவுதான். அங்கதான் அது தெரபி டாகுக்கு ஒட்டாம போகுது.

நம்ம பக்கத்துல என்ன இருக்குன்னு தேடினப்போ குறள் 950 கிடைச்சுது. மருந்துன்னா நாலு பகுதின்னு சொல்றார் வள்ளுவர்: உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான். உற்றவன் நோயாளி, தீர்ப்பான் வைத்தியர். உழைன்னா பக்கம், உழைச்செல்வான்னா நோயாளி பக்கத்துல இருந்து பாத்துக்கறவன். நாலாவதா அவனையும் சேர்த்தாத்தான் மருத்துவமே முழுசாகுதுன்னு எண்ணியிருக்கார் பாருங்க, அதை படிச்சதும் அந்த கிரேக்க தெராபோன் எனக்கு உடனே ஞாபகம் வந்துட்டான். தெரபி டாக் தீர்ப்பான் இல்ல, உழைச்செல்வான். இந்த ஒண்ணு பிடிபட்டா மீதியெல்லாம் தெளிவாயிடும்.

இதை அப்படியே நடத்திக் காட்டின நாய் ஒண்ணு உண்டு, பேரு ஸ்மோக்கி. ரெண்டாம் உலகப்போர் நேரம், 1944-ல நியூ கினி காட்டுல ஒரு பதுங்குகுழிக்குள்ள கிடைச்ச யார்க்‌ஷயர் டெரியர்ங்கற குட்டி இன நாய், எடை ரெண்டு கிலோகூட இருக்காது. பில் வின்ங்கற அமெரிக்க வீரர் இன்னொரு வீரர்கிட்ட இருந்து அதை காசு குடுத்து வாங்கி வளர்த்தார். அவருக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரில படுத்தப்போ நண்பர்கள் நாயை அவர்கிட்ட கூட்டிட்டு வந்தாங்க, அதைப் பாத்த நர்ஸுங்க காயம்பட்டு கிடந்த மத்த வீரர்கள்கிட்டயும் கூட்டிட்டு போக ஆரம்பிச்சாங்க. அது யாருக்கும் கட்டு போடல, மருந்து தரல, போய் பக்கத்துல உக்காந்துச்சு, அவ்வளவுதான். முதல் தெரபி டாக்னு பலரும் அதைத்தான் சொல்றாங்க, ஆனா அப்ப அதுக்கு அப்படி ஒரு பேரு இல்ல.

அதுக்கு முன்னாடியும் இந்த எண்ணம் இருந்திருக்கு. 1860-லயே ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல், நோயாளிக்கு, அதுவும் நீண்ட நாளா படுத்திருக்கறவங்களுக்கு, சின்னதா ஒரு செல்லப்பிராணி நல்ல துணைன்னு எழுதியிருக்காங்க. உளவியல் துறைக்குள்ள இதை முறையா கொண்டு வந்தவர்னா போரிஸ் லெவின்சன்ங்கற அமெரிக்க உளவியலாளர். யார்கிட்டயும் ஒட்டாத ஒரு பையன் அவரைப் பாக்க வந்தப்போ அவரோட நாய் ஜிங்கிள்ஸ் அறைக்குள்ள இருந்துச்சு, பையன் முதல்ல நெருங்கினது நாய்கிட்டதான், டாக்டர்கிட்ட அப்புறம்தான். 1962-ல அவர் எழுதின கட்டுரையில நாயை ‘இணை தெரபிஸ்ட்’னே சொன்னார். 1976-ல எலைன் ஸ்மித்ங்கற நர்ஸ் அமெரிக்காவுல இப்படி நாய்களைப் பதிவு பண்றதுக்குன்னே ஒரு அமைப்பை ஆரம்பிச்சாங்க, தெரபி டாக்ங்கற பேரு பரவினதுல அதுக்கு பங்கு உண்டு.

சரி, பக்கத்துல உக்காந்தா என்ன ஆகுது? 2019-ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல 249 கல்லூரி மாணவர்களை வச்சு பாத்தாங்க, பத்து நிமிஷம் நாய் பூனைகளை தடவிக் கொஞ்சினவங்களுக்கு கார்ட்டிசால்ங்கற மன அழுத்த ஹார்மோன் குறைஞ்சுது, வரிசையில நின்னு வேடிக்கை மட்டும் பாத்தவங்களுக்கு அந்த அளவு இல்ல. ஆக தொடுறதுல விஷயம் இருக்கு. வாசிக்கத் திணர்ற குழந்தைங்க நாய்க்கு படிச்சுக் காட்டற திட்டம் ஒண்ணு 1999-ல அமெரிக்காவுல சால்ட் லேக் சிட்டில தொடங்குச்சு, காரணம் ரொம்ப எளிமை, நாய் தப்பைத் திருத்தாது, சிரிக்காது, அவசரப்படுத்தாது, அந்தக் குழந்தைக்கு அதுவே போதும். இன்னொரு வகையும் இருக்கு, பக்கவாதத்துல கை பலமிழந்தவரை அந்தக் கையாலயே நாய்க்கு முடி வாரிவிடச் சொல்வாங்க, இதை ஒரு பிசியோதெரபிஸ்ட் இலக்கு வச்சு, எவ்வளவு தேறியிருக்குன்னு குறிச்சு வச்சு பண்ணுவார். இந்த ரெண்டாவது வகையை மட்டும் வேணும்னா தாராளமா சிகிச்சைன்னு சொல்லுங்க, அங்கயும் சிகிச்சை குடுக்கறது மனுஷர், நாய் கூட நிக்குது.

பேர்ல குழம்பினா நடைமுறையிலயும் குழப்பம் வரும். பார்வை இல்லாதவருக்கு வழிகாட்டற நாய், வலிப்பு வரும்போது உதவற நாய் இதெல்லாம் சர்வீஸ் டாக், ஒரே ஒருத்தருக்காக பழக்கப்படுத்தினது, அமெரிக்க சட்டப்படி அதை பொது இடங்களுக்குள்ள கூட்டிட்டு போக உரிமை உண்டு. தெரபி டாகுக்கு அந்த உரிமை கிடையாது, கூப்பிட்ட இடத்துக்குத்தான் போகலாம். வீட்டுல ஒருத்தரோட மன ஆறுதலுக்காக கூடவே இருக்கறது மூணாவது வகை, அதுக்கு தனிப் பயிற்சி தேவைன்னு இல்ல. முதலாவதை ‘உதவி நாய்’னும் மூணாவதை ‘மனத்துணை நாய்’னும் சொல்லிட்டா பிரிச்சுக்கலாம்.

அப்ப தெரபி டாகுக்கு? எனக்கு ‘ஆறு’ங்கற வினைதான் சரியா படுது. சூடு ஆறுது, புண்ணு ஆறுது, கோவம் ஆறுது, மனசு ஆறுது, உடம்புக்கும் மனசுக்கும் ஒரே வினை வச்சிருக்கோம், இதைவிட பொருத்தமா எங்க தேடறது? ஆனா ‘ஆற்று நாய்’னு போட முடியாது, ஆத்துல வாழற நீர்நாய்னு நினைச்சுடுவாங்க. கவுன்சலிங்குக்கு இலங்கைத் தமிழ்ல ஆற்றுப்படுத்தல்னு சொல்றாங்க, அதை ஒட்டி ‘ஆற்றுப்படுத்தும் நாய்’னு எழுதலாம், பேசும்போது ‘ஆறுதல் நாய்’ போதும். ஆறுதல் நாய்னா ரொம்ப லேசா இருக்குன்னு சிலர் சொல்வாங்க, எனக்கு அப்படி தோணல.

ஒரு விஷயத்தை மட்டும் விட்டுடக்கூடாது, நாய்க்கும் ஆறுதல் வேணும். அடிக்கடி கொட்டாவி விடுறது, உதட்டை நக்கறது, முகத்தை திருப்பிக்கறது எல்லாம் ‘எனக்குப் போதும்’னு அது சொல்ற விதம், அதைப் படிக்கத் தெரிஞ்சவர்தான் கூட வரணும், பார்த்ததும் கிளம்பிடணும். அதனாலதான் பல அமைப்புங்க நாயை மட்டும் தனியா பதிவு பண்றதில்ல, நாயையும் கூட்டிட்டு வர்றவரையும் சேர்த்து ஒரு ஜோடியாத்தான் பதிவு பண்ணுவாங்க, அதே நாயை வேற ஒருத்தர் கூட்டிட்டு போனா அந்தப் பதிவு செல்லாது. அந்த ஜோடியையும் சேர்த்துக் குறிக்கணும்னா ‘ஆற்றுப்படுத்தும் இணை’ன்னு எழுதுங்க.