ஐஸுக்குக் கீழே மூச்சு

தை மாதத்தில் கனடாச் சொந்தங்கள் அனுப்பும் படங்களில் சிம்கோ ஏரியும் அடிக்கடி வரும். ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கிறது. உறைந்த ஏரியின் மேல் கூடாரம், ஐஸில் ஒரு துளை, அதற்குள் தூண்டில். துளையால் வெளியே வரும் மீனோ துள்ளிக்கொண்டு வரும்! ஐஸுக்குக் கீழே அது எப்படி உயிரோடு இருக்கிறது?

நீர் 4 பாகை செல்சியஸில்தான் அதிக அடர்த்தி, அதனால் அடியில் உறையாது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது பாதி விடைதான். உறையாவிட்டால் மட்டும் போதுமா? மூச்சுக்கு ஒக்சிசன் வேண்டாமா?

அடர்த்தி வேறுபட்ட நீர் லேசில் கலக்காது. யாழ்ப்பாணத்துப் புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். அங்கே உப்பு செய்கிற வேலையைச் சிம்கோவில் கோடை வெயில் செய்கிறது. மேல்நீர் சூடாகி இலேசாகிவிட, குளிர்ந்த நீர் அடியில் தங்கிவிடும். காற்று எவ்வளவு அடித்தாலும் கலங்குவது மேல்நீர் மட்டும். அடியில் பாசியும் இலையும் அழுகி, இருக்கிற ஒக்சிசனையும் தின்றுவிடும்.

இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனத்து, இறங்கத் தொடங்கும். ஏரி முழுக்க ஒரே வெப்பநிலைக்கு வந்ததும் பிடித்துவைக்க எதுவும் இல்லை. ஒரு நல்ல காற்று அடித்தால் ஏரியே மேல்கீழாகப் புரளும். மேலே காற்றிலிருந்து நீரில் கரைந்த ஒக்சிசன் அப்போதுதான் அடிவரை போகிறது. குளிர்நீர் அதை நிறையவே தாங்கும்: 0 பாகையில் லீற்றருக்கு 14 மில்லிகிராமுக்கு மேல், 30 பாகையில் ஏறக்குறைய அதில் பாதி.

அப்புறம் 4 பாகைக்குக் கீழே போகும் நீர் மறுபடி இலேசாகி, மேலேயே நின்று உறைகிறது. காற்றோடு தொடர்பு அறுந்தது. இனி வசந்தத்தில் ஐஸ் உருகி ஏரி மறுபடி புரளும்வரை, சேர்த்ததை வைத்துத்தான் சீவியம். நல்ல காலம், குளிரில் மீனின் உடலும் மந்தமாகி, ஒக்சிசன் தேவையும் குறைந்துவிடும். ஆழமில்லாத குட்டைகளில்தான் வில்லங்கம். ஐஸின் மேல் பனி தடித்து வெளிச்சத்தை மறைத்தால் பாசி ஒக்சிசன் தராது. கையிருப்பு முடிந்து மீன்கள் கூட்டமாகச் செத்துவிடும்.

எங்கள் யாழ்ப்பாணக் குளங்களில் கதை தலைகீழ். இங்கே ஆபத்து வெயிலில் குளம் வற்றும்போது வருகிறது. சுடுநீரில் ஒக்சிசன் கரைவது குறைவு; அந்தச் சூட்டிலேயே மீனுக்கு அது கூடுதலாகத் தேவைப்படுகிறது.